அவர் தலையை நான் நேர்ந்துகொண்ட கதை

பிரான்சில் ஓர் ஆண்பிள்ளை தோள் வரைக்கும் முடி வளர்த்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இதைவிட விசித்திரம் எனக்கு இந்த நாட்டில் வேறு கிடையாது. காரைக்காலில் மீசை ஓரம் கொஞ்சம் குறைந்தால்கூடத் தெருமுனை டீக்கடையில் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வீடு வந்து சேர முடியும். என் வீட்டுக்காரர் சேவியர் இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் குடுமி போடுகிற அளவுக்கு முடி வளர்த்தபோது, அவருடைய மேலாளர் ஒரு வலைத்தொப்பியை நீட்டியதோடு சரி.

பக்கத்து வீட்டு மதாம் கொலெத் மட்டும்தான் வாய்விட்டுக் கேட்டார். நேர்த்திக்கடனை எந்த பிரெஞ்சு வார்த்தையில் சொல்வது? “ஒரு அம்மாவுக்குக் கொடுக்க வளர்க்கிறார்” என்று சொல்லி வைத்தேன். நான் சொன்னது வேளாங்கண்ணி மாதாவை. யாரோ நோயாளிப் பெண்ணுக்கு டோப்பா செய்யத்தான் முடி கொடுக்கிறார் என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். மறுநாள் அவர் கையால் சுட்ட ஆப்பிள் தார்த் பலகாரம் ஒன்று வீடு தேடி வந்தது. விளக்கம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.

நடந்தது இதுதான். போன செப்டம்பரில் பாரிசில் மாதா திருநாள் தமிழ்ப் பூசை பார்த்துவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டு, மழை, இரண்டு பக்கமும் காடு. குறுக்கே ஒரு காட்டுப்பன்றி பாய்ந்தது. இவர் பிரேக்கை மிதிக்க, வண்டி வழுக்கிக்கொண்டு சுற்றியது. எதிரே லாரி வெளிச்சம். “மாதாவே! இவரைக் காப்பாத்து, இவருக்கு மொட்டை போடுறேன்!” என்று நான் கத்தினேன். லாரி மயிரிழையில் எங்களைத் தாண்டிப் போயிற்று. எங்கள் வண்டி வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, பள்ளத்தின் ஓரத்தில் நின்றது. கண்ணாடியில் தொங்கிய செபமாலை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

சேவியர் முதலில் கேட்டது, “பன்னிக்கு ஒண்ணும் ஆவலையே?”

இரண்டாவது கேட்டது, “ஏன்டி மேரி, உனக்கு நேர்ந்துக்க என் தலைதான் கெடச்சுதா?”

“உசுரு உங்களுதுன்னா முடியும் உங்களுதுதான்” என்றேன்.

அவர் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. அண்ணன் தம்பி எல்லாருக்கும் நாற்பதிலேயே வழுக்கை, அந்தக் குடும்பத்திலேயே இவர் ஒருவருக்குத்தான் சீப்புக்கு வேலை. நேர்ந்த முடியில் கத்தரி படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். லீவு கிடைத்து வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை அது வளர்ந்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், “இன்னிக்குப் போய் வெட்டிட்டு வந்துடுவேன், பாத்துக்க” என்று மிரட்டுவார். நான் சிரித்து மழுப்புவேன், உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்னும். கொடுக்கிறேன் என்று சொன்னதைக் கொடுக்காமல் விட்டால், காப்பாற்றிக் கொடுத்ததை மாதா திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன செய்வேன்? இவரை விட்டால் இந்த நாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் நிஜமாகவே சலூனுக்குப் போனார். கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடி அப்படியே இருக்கத் திரும்பி வந்து, சாப்பிட உட்கார்ந்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகஸ்டில் ஊருக்கு வந்தோம். காரைக்கால் தருமபுரத்து வீட்டு வாசலிலேயே கொழுந்தன் ஆரோக்கியம், தன் பளபளக்கும் தலையைத் தடவிக்கொண்டு, “வாங்க அண்ணி, அண்ணன் வரலீங்களா? இந்தச் சாமியாரு யாரு?” என்று ஆரம்பித்துவிட்டான். மறுநாள் வேளாங்கண்ணி போக அவனே காரை எடுத்தான். திருமலைராயன்பட்டினம் தாண்டுவதற்குள் எதிரே வந்த பஸ், குறுக்கே வந்த ஆடு, மூன்று பேர் உட்கார்ந்து வந்த பைக் என்று எத்தனையோ கண்டம் தப்பினோம். ஆரோக்கியம் ஒரு கையில் போன் பேசிக்கொண்டே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பிரான்சில் ஒரு தடவை தப்பித்ததற்கு ஒரு மொட்டை. இந்த ரோட்டில் தப்பியதற்கெல்லாம் நேர்ந்துகொண்டால் காரைக்காலில் ஒருத்தர் தலையிலும் முடி மிஞ்சாது.

வேளாங்கண்ணியில் மொட்டை போடும் இடத்தில் சேவியர் மணையில் உட்கார்ந்தார். கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் எழுந்து தலையைத் தடவிப் பார்த்துவிட்டு முடி எடுப்பவரிடம், “அடுத்து இவங்களுக்குங்க. முழுசா” என்றார்.

“என்னங்க விளையாட்டு இது?”

“விளையாட்டு இல்ல மேரி. அன்னிக்கு நீ கத்தி நேர்ந்துகிட்டே. நான் மனசுக்குள்ள நேர்ந்துகிட்டேன். எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும், இவளைக் காப்பாத்து தாயே, இவ முடியத் தர்றேன்னு.”

“பாவி மனுசா! வருசம் முழுக்க என்னைய அந்தப் பாடு படுத்துனீங்களே!”

“பின்ன, நானும் உன் தலையத்தான் நேர்ந்தேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது? அன்னிக்கு சலூன் வரைக்கும் போனேன். உட்கார மனசு வரலை. நீ எனக்காவக் கேட்டதாச்சே.”

லாரி வெளிச்சத்தில் சாகப்போகிற நேரத்தில் இரண்டு பேரில் ஒருவர்கூடத் தன் உயிரைக் கேட்கவில்லை, தன் முடியையும் கொடுக்கவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பைத்தியக்கார மனிதரை எனக்கு விட்டுவைத்ததற்காக மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே மணையில் உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் கத்தியை நனைத்தபடி, “அழுவாதீங்கம்மா, சீக்கிரம் வளந்துடும்” என்றார்.

பாரிஸ் விமான நிலையத்தில் முகம் பார்த்துக் கதவு திறக்கிற இயந்திரம் எங்கள் இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ளவில்லை. அதிகாரி வந்து பாஸ்போர்ட் படங்களையும் எங்கள் மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மதாம் கொலெத் பார்த்தால் இந்தத் தடவை இரண்டு தார்த் கொண்டுவருவார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முடியெல்லாம் எங்கே?” என்றார் அதிகாரி. சேவியர் கட்டைவிரலால் பின்னால் காட்டி, “லா-பா, முசியே” என்றார். அங்கே என்று அர்த்தம். அதிகாரி அவர் காட்டிய பக்கம் எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைத் தவிர அங்கே எதுவும் இல்லை. உங்கள் வீட்டுக்கு நல்வரவு என்று சொல்லிப் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் விடியற்காலைக் காற்று சில்லென்று அடித்தது. முகத்தில் விழுகிற முடியை ஒதுக்கிவிட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம்.