துசாந்தினி கழற்றிய கொடி

ஒஸ்லோ நகரத்தின் புருசெத் பக்கத்தில் துசாந்தினிக்கு 'பவுண் பொலிஸ்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர்கள் பகிடிக்குத்தான் வைத்தார்கள். ஆனால் கலியாண மண்டபத்துக்குள் அவள் நுழைந்தால் இரண்டு மூன்று பெண்கள் கையிலுள்ள காப்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வது உண்மை. அவளுடைய வேலை அப்படி. ஒஸ்லோவில் உள்ள நகைக்கடைகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், தங்கம் என்று விற்கிற பொருளில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று அளந்து பார்க்கிற அரசாங்கப் பரிசோதகர் அவள். நகையில் என்ன எண் குத்தியிருக்கிறதோ, உள்ளேயும் அந்த அளவு இருக்க வேண்டும். குறைந்தால், சிரித்த முகம் மாறாமலே கடைக்காரருக்குக் கடிதம் எழுதுவாள்.

நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டில் பிறந்து வளர்ந்தவள். தாயும் தகப்பனும் அங்கே மீன் தொழிற்சாலையில் முள் எடுத்தவர்கள். ஒரு முள் தப்பினாலும் முழுப் பெட்டியும் திரும்பி வரும் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, இரசாயனம் படித்து இந்த வேலைக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் நோர்வேயின் பழைய ராசாக்களின் சட்டங்களை வாசித்தாள். கள்ளக்காசு அடித்தவனை அந்தச் சட்டங்கள் பெரும்பாதகனாக நடத்தின. வீடும் போகும், நாடும் போகும். காசுக்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்ட புருசன் ரஜீவனுக்கு அவள் சொன்ன மறுமொழி எனக்கு மிகவும் பிடிக்கும்.

"காசிலை ராசாவின்ரை தலை கிடக்கு. அதை நம்பிச் சனம் நிறுக்காமல் வாங்குது. நிறுக்காமல் வாங்கிற ஆளை ஏமாத்திறதுதானே பெரிய களவு."

ரஜீவன் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவன். அதிகம் கதைக்காத ஆள். ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டான்.

போன வருடம் இளவேனிலில் ஆரணி என்ற பெண் துசாந்தினியின் வீட்டுக்கு வந்தாள். மூன்று மாதத்துக்கு முன்தான் புருசனைப் பறிகொடுத்தவள். கைப்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பதினொரு பவுணில் செய்த தாலிக்கொடி.

"பிள்ளையின்ரை படிப்புக்கு விப்பம் எண்டு சிற்றியிலை ஒரு கடைக்குக் கொண்டு போனனான் அக்கா. இது இருபத்திரண்டு கரட் இல்லையாம், பதினாலும் மட்டுமட்டாம். அவர் போன துக்கத்துக்குள்ளை இதை ஆரிட்டைச் சொல்லுறது? வெக்கமாக் கிடக்கு."

துசாந்தினி கொளுக்கியைத் திருப்பிப் பார்த்தாள். 916 என்று குத்தியிருந்தது; ஆயிரத்தில் அத்தனை பங்கு தங்கம், அதாவது இருபத்திரண்டு கரட். அருகில் கடையின் முத்திரை. நாற்சந்திக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பூபாலசிங்கத்தின் முத்திரை அது. கோயில் தேருக்கு வெள்ளிக்கலசம் கொடுத்தவர், ஊருக்கே சிங்கம் அண்ணை. அவருடைய கடையை அவளே மூன்று தடவை சோதித்திருக்கிறாள். மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாம் சொன்னபடி சுத்தம். அப்போது அலமாரியில் ஒரு தாலிக்கொடியும் இருந்ததில்லை. கொடி என்பது சொல்லிச் செய்விக்கிற பொருள், செய்தவுடன் கழுத்துக்குப் போய்விடும்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மோதிரத்தை விற்பார்கள், காப்பை அடகு வைப்பார்கள், சங்கிலியை மாற்றிச் செய்வார்கள். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வேறொரு தட்டாரின் கைக்குப் போகும். கொடி மட்டும் போகாது. புருசன் உயிரோடிருக்கும் வரை கழுத்தை விட்டு இறங்காது. அறுந்தால்கூட மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, செய்தவரிடமே திருத்தக் கொடுப்பார்கள். ஒரு மனிதன் கலப்படம் செய்ய நினைத்தால் இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை. நம்முடைய பக்தியையே பூட்டாகப் போட்டுத் திருடியிருக்கிறார்கள்.

அவளுடைய கழுத்தில் கிடந்த கொடியும் சிங்கம் அண்ணை செய்ததுதான்.

அடுத்த நாளே மேலதிகாரியிடம் போய், இதில் நானும் ஒரு வாடிக்கையாளர், நான் விசாரிக்கக் கூடாது என்று சொல்லி விசயத்தைக் கூட வேலை செய்யும் தோழி சிக்ரிட்டிடம் ஒப்படைத்தாள். சிக்ரிட் ஒரு கொடி போதாது என்றாள். திருத்திய இடத்தில் யாரோ கலந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லிவிடலாம். இன்னும் கொடிகள் வேண்டும். தங்கம் அளக்கிற கருவியின் எக்ஸ் கதிர் உடம்பில் படக்கூடாது; கழற்றித்தான் அளக்க வேண்டும். மேலே நல்ல பவுண் முலாம் இருப்பதால் கொளுக்கியில் ஒரு பொட்டு அரத்தால் உரசவும் வேண்டும்.

துசாந்தினி தெரிந்த பெண்கள் பன்னிரண்டு பேரைக் கேட்டாள். பன்னிரண்டு பேரும் மாட்டோம் என்றார்கள். தள்ளிப்போடவும் முடியாது; ஆவணியில் நாலு கலியாணம் இருந்தது. நாலு கொடிக்கும் சிங்கம் அண்ணையிடம்தான் சொல்லியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில், என்னுடையதை நான் கழற்றப் போகிறேன் என்றாள். மாமியார் மனோன்மணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவனுக்கு நெஞ்சடைப்பு வந்து இரத்தக் குழாயிலை வலை வச்சு நாலு மாசம் ஆகேல்லை. என்ரை பிள்ளை உயிரோடை இருக்கேக்கை நீ கொடியைக் கழட்டிக் கொண்டுபோய் அரத்தாலை உரசுவியோ?"

"மாமி, நான் கழட்டாட்டி வேறை ஆரும் கழட்டாயினம்."

"கழட்டாட்டி விடட்டும். அது அவையவையின்ரை பாடு."

துசாந்தினிக்கும் பயம் இல்லாமல் இல்லை. இரசாயனம் படித்தவளுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள், புருசனை அவசர வண்டியில் ஏற்றிப் பார்க்காதவர்கள். அவள் கை கழுத்துக்குப் போனது, பிறகு திரும்பி வந்தது. ரஜீவன் எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றான்.

"நான் போட்டது. நானே கழட்டுறன். எனக்கு ஒண்டும் நடக்காது. நடந்தாலும் அது நான் திண்ட கொத்துரொட்டியாலை, கொடியாலை இல்லை."

மறுநாள் விடிய மனோன்மணி மேசையில் மஞ்சள் தடவிய கயிறு ஒன்றை வைத்திருந்தார். அது சம்மதம் அல்ல, பயம். துசாந்தினி அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கருவி 572 காட்டியது. சேதியை வீட்டில் சொன்னபோது மனோன்மணி கேட்டார்.

"அப்ப பதினாறு வருசமா உன்ரை கழுத்திலை கிடந்தது பொய்யோ?"

"தாலி பொய் இல்லை மாமி. பவுண்தான் பொய்."

அந்த ஒரு வசனத்தை மனோன்மணி தொலைபேசியில் ஊர் முழுக்கச் சொன்னார். தானே யோசித்துச் சொன்னதாகச் சொன்னார் என்று பிறகு தெரிய வந்தது. அதனால் என்ன? அடுத்த சனிக்கிழமை காலை, அடுக்குமாடிக் கூட்ட அறையில் சிக்ரிட் கருவியோடு வந்து இருந்தபோது, வாசலில் இருபத்தாறு பெண்கள் மஞ்சள் கயிற்றோடு நின்றார்கள். பக்கத்தில் புருசன்மார், கொடியைக் கைலேஞ்சியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு. துசாந்தினி அன்று அதிகாரி இல்லை. மொழிபெயர்க்க மட்டும் வந்தவள்.

அதற்குள் பூபாலசிங்கமும் பதில் சொல்லியிருந்தார். கொடிக்குரிய தங்கத்தை வெளிநாட்டிலிருந்து ஒரே இடத்தில் எடுத்தாராம், முத்திரையை நம்பி எடுத்தாராம், தானும் ஏமாந்தவராம். துசாந்தினிக்கே அதை நம்ப விருப்பமாக இருந்தது. பத்து வயதில் கலியாணம் ஒன்றுக்கு ஒஸ்லோ வந்த இடத்தில் தோட்டுக்குத் திருகாணி தொலைந்தபோது காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த மனிதர் அவர்.

ஒவ்வொன்றாக அளந்து, முறைப்பாட்டுக் கடதாசியில் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். 580. 569. 577. ஒரு பெண் புருசனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானத்துக்குக் கிட்ட ஒரு பெண் தனியே வந்தார். பூபாலசிங்கத்தின் மனைவி தவமலர். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அவர் முந்திப் போகாமல் வரிசையின் கடைசியிலேயே நின்று, முறை வந்த பிறகு கொடியை மேசையில் வைத்தார்.

"இதுவும் உங்கடை கொடி செய்த அதே வருசம், அதே சரக்கிலை புதுசாச் செய்தது தங்கச்சி. இதுவும் கலப்பாத்தான் இருக்கும். அளந்து பாருங்கோ. தெரிஞ்சு செய்த ஆள் எண்டால் சொந்தப் பெண்சாதிக்கும் கலந்து போடுமோ? அவரும் ஏமாந்தவர்தான் எண்டு எல்லாருக்கும் தெரியட்டும்."

எத்தனையோ ஆயிரம் நகையை அளந்தவள் துசாந்தினி. ஒரு நகை பொய்யாக இருக்க வேண்டுமென்று அவள் மன்றாடியது அன்றுதான். 570 வரட்டும், 560 வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சிக்ரிட் கொளுக்கியை உரசினாள், கருவிக்குள் வைத்தாள், எண்ணைப் பார்த்தாள். பிறகு இன்னொரு இடத்தில் உரசி மறுபடி வைத்தாள். துசாந்தினியை நிமிர்ந்து பார்த்து நோர்வேஜிய மொழியில் எண்ணை மெதுவாகச் சொன்னாள்.

"எத்தினை, தங்கச்சி?" என்று தவமலர் கேட்டார்.

சொல்லாமல் விட முடியாது. மொழிபெயர்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"தொள்ளாயிரத்துப் பதினாறு அக்கா."

"அப்பிடியெண்டால்?"

நகைக்கடைக்காரரின் மனைவிக்கு அந்த எண் தெரியாமல் இருக்காது. ஆனாலும் கேட்டார். துசாந்தினி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தம் அக்கா. உங்கடை கொடி சொன்னபடி சுத்தப் பவுண்."

துசாந்தினி கொடியை எடுத்துத் திருப்பிக் கொடுக்க நீட்டினாள். தவமலர் வாங்கவில்லை. சிக்ரிட்டின் முன்னால் கிடந்த முறைப்பாட்டுக் கடதாசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"இது உங்களிட்டையே இருக்கட்டும்" என்றார். "நான் எங்கை கையெழுத்து வைக்கோணும்?"