கோட்டுப் பொக்கெற்றுக்குள் போன கை

துர்க்காவைப் பற்றி, புலம்பெயர்ந்த நம்மவர் நிறைந்த அஜின்கோர்ட்டில் விசாரித்துப் பாருங்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் அவள் பொரித்த ரோல்ஸ் சாப்பிட்ட ஆள் ஒன்று இருக்கும். பதினாலு வருசமாக அதே பிளாசா, சாப்பாடு கட்டிக் கொடுக்கிற அதே ரேக்-அவுட் கடை. நல்ல வாய்க்காரி. வரிசைக்குள் இடையில் புகுகிறவர் கோயில் ஐயரென்றாலும் விடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு இரண்டு மாசமாக ஒரேயொரு சொல் தொண்டைக்குள் நிற்கிறது. விழுங்கவும் ஏலவில்லை, துப்பவும் ஏலவில்லை.

நடந்தது மாசி மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம். முதலாளி சாமான் எடுக்கப் போயிருந்தார், கடையில் அவள் தனிய. கண்ணாடிக்கு வெளியே பார்க்கிங் லொட்டில் இரண்டு பேர். ஒருவன் வெள்ளைப் பொடியன். மற்றவர் கோட்டுத் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு முதுகு காட்டி நிற்கிறார். கார் டிக்கிக்குள் ஒரு நீளப் பை. பையின் சிப்பை இழுத்துத் திறந்தார்கள், உள்ளே துவக்கு, நிஜத் துப்பாக்கி!

போன வருசம் அதே லொட்டில் துவக்குச் சூடு விழுந்தபிறகு, பொலிஸ் கடை கடையாக வந்து, இப்படி வெளியில் துவக்கு கைமாறுவதைக் கண்டால் யோசிக்காமல் போன் அடிக்கச் சொல்லியிருந்தது. தமிழ் வகுப்பு விட்டுப் பிள்ளைகள் ரோல்ஸ் வாங்க வருகிற நேரம் வேறு. அடித்தாள். பிழையா? நீங்களும் நானும் என்றாலும் அடித்திருப்போம். கதவைப் பூட்டிவிட்டு உள்ளேயே நிற்கச் சொன்னார்கள். பூட்டினாள்.

மூன்று பக்கத்தாலும் பொலிஸ் கார் வந்து மறித்தது. துவக்கை நீட்டிக்கொண்டு "ஹேண்ட்ஸ் அப்!" என்று கத்தினார்கள். வெள்ளைப் பொடியனின் கை இரண்டும் அந்தக் கணமே மேலே. மற்றவர் திடுக்கிட்டுத் திரும்பினதில் தொப்பி கழன்றது. ஐயோ, சண்முகலிங்கம் அண்ணை! சனிக்கிழமை தவறாமல் இரண்டு பார்சல் இடியப்பம் வாங்குகிற மனுசன். வேலையிடத்து எட்வேட்டோடு மான் வேட்டைக்குப் போகிறதையும், அதற்கு லைசன்ஸ் எடுத்ததையும் அவரே பெருமையடித்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவருடைய வலது கை மேலே போகவில்லை. கோட்டின் உள்பொக்கெற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

பொலிஸ் கத்தக் கத்த அந்தக் கை இன்னும் அவசரப்பட்டது. அவர் எதைத் தேடுகிறார் என்று அந்த லொட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் விட்டு வந்த ஊரில், சண்டைக் காலத்தில், துவக்கை நீட்டி ஒருவன் கத்தினால், அடையாள அட்டையை, அந்த ஐசியை, எடுத்துக் காட்ட வேண்டும். பிந்தினால் ஆள் இல்லை. வவுனியாவில் ஆமிக்காரனுக்கு ஐசி காட்டப் பிந்தின அவளுடைய சொந்த அண்ணன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

பூட்டைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தாள்.

"அண்ணை! அவங்கள் ஐசி கேக்கேல்லை! பொக்கெற்றுக்கை கை வையாதேங்கோ! வெறுங்கையைத் தூக்குங்கோ அண்ணை!"

ஒரு துவக்கு அவள் பக்கம் திரும்பியது. கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு அவளும் கையைத் தூக்கினாள். பொக்கெற்று வாசலில் அந்தக் கை நின்றது. பிறகு மெல்ல, வெறுமையாக மேலே வந்தது.

பனிச்சேற்றில் குப்புறப் போட்டு விலங்கு மாட்டினார்கள். ஒரு மணித்தியாலமாக விசாரித்தார்கள். துவக்கில் குண்டு இல்லை, இரண்டு பேரின் லைசன்ஸும் சரி, விற்பனையும் சட்டப்படி சரி. துவக்கு விற்க வந்த தெரியாத பொடியனை வீட்டுக்குக் கூப்பிட அவருடைய மனுசி விடமாட்டா என்றுதான் மனுசன் லொட்டுக்கு வந்திருக்கிறார். விலங்கைக் கழற்றி விட்டார்கள்.

சண்முகலிங்கம் கடைக்குள் வந்தார். "ஆரோ ஒரு விசர் நாய் போன் அடிச்சிருக்கு, தங்கச்சி. நீ இல்லாட்டி நான் இப்ப பிணம்," என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். துர்க்கா வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடினாள். அப்போதே சொல்லித் துலைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை, பாவி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். மனுசி சீலை வாங்கி அனுப்பினா. துர்க்காவுக்கு அந்தச் சீலையை உடுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

போன சனிக்கிழமை வரிசை வாசல்வரை நின்றது. சண்முகலிங்கம் கோட்டின் உள்பொக்கெற்றுக்குள் கையை விட்டார். துர்க்கா ரோல்ஸை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்தாள். வெளியே வந்தது கலியாணக் கார்ட்.

"ஆவணியிலை மகள் அட்சயாவுக்குக் கலியாணம். எனக்குக் கூடப்பிறந்த பெண் சகோதரம் இல்லை. மாமி முறைக்கு நீதான் நிண்டு கூறைச் சீலைத் தட்டம் தூக்க வேணும். கார்ட்டிலையும் உன்ரை பேரைப் போட்டாச்சு."

"அண்ணை, உங்களோடை நான் ஒண்டு கதைக்க வேணும்..."

"மாட்டன் எண்டு மட்டும் சொல்லாதை. அண்டைக்குப் போன் அடிச்ச நாய் ஆரெண்டு தெரிஞ்சால், அதுக்கும் கார்ட் குடுத்துக் கூப்பிடுவன். என்ரை தங்கச்சி மணவறையிலை நிக்கிறதை அது கண்ணாலை பாக்கட்டும்!"

வரிசை முழுக்கக் கை தட்டியது. துர்க்கா எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் கார்ட்டை வாங்கினாள்.

"ஓம் அண்ணை, வாறன்," என்றாள்.