மோனிகா கேட்ட அனுமதி

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை நீக்கும்முன் ரெமிஜியஸ் வலது ஆள்காட்டி விரலைச் சட்டையில் ஒரு தரம் துடைத்துக்கொள்வான். பிறகு திரையைப் பார்த்து, "போயிட்டு வாங்க கோவிந்தப்பா சார்" என்று உதடு மட்டும் அசையச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவான். நேரில் யாரிடமும் அத்தனை வார்த்தை பேசாதவன்.

லிங்கராஜபுரத்தில் வீடு, அல்சூரில் ஆபீஸ். மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி. அதன் மென்பொருளில் யார் எந்தப் பக்கத்தைத் திறக்கலாம், யார் பில்லைத் திருத்தலாம் என்பதெல்லாம் அவன் கையில். பில்லிங் பிரிவு மோனிகாதான் அடிக்கடி வருவாள்.

"ரெமி, ரிட்டர்ன் பக்கம் வேணுமே."

"மெயில் போடுங்க. சுனில் சார் ஓகே சொல்லணும்."

ஓகே வந்ததும் கொடுத்துவிட்டு, திறக்கிறதா என்று பார்க்க அவள் மேஜைவரை நடந்து போவான். இருந்த இடத்திலிருந்தே கேட்கலாம், கேட்கமாட்டான்.

ஒரு வியாழக்கிழமை மேனேஜர் சுனில் வந்து நின்றார். "நாளைக்கு ஆடிட். அட்மின்னு இத்தனை பேரா? இது என்ன கல்யாண மண்டபமா? எல்லாரையும் தூக்கு. உன்ன மட்டும் வெச்சுக்கோ. ஆய்தா?" 'சரியா' என்பதை அவர் கன்னடத்தில்தான் கேட்பார்.

பெயர் பெயராக விடைகொடுக்க நேரமில்லை. விரலைக்கூடத் துடைக்காமல், அட்மின் பட்டியலில் மொத்தமாக டிக் போட்டு நீக்கினான். நீக்கியவர்களில் அவனும் இருந்தான். அதற்குப்பின் எதைத் தொட்டாலும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை. அவனை மறுபடி அட்மினாக்க ஓர் அட்மின் வேண்டும். கம்பெனியில் ஒருவரும் மிச்சமில்லை. காலையில் வேலை போய்விடும். போனாலும் தன் கணக்கை நீக்க ஆளில்லையே என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது.

"மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போச்சு?" என்றாள் மோனிகா.

சொன்னான்.

"என் சீட்டுக்கு வாங்க."

அவள் திரையில் எல்லாமே திறந்தது. அவள் வேலையில் சேர்ந்த நாள் அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைய பதற்றத்தில் தன் கணக்கையே நகலெடுத்து, 'அட்மின்' என்றிருந்த பெயரை மட்டும் 'பில்லிங்' என்று மாற்றியிருந்தான். அவள் கேட்டபோதெல்லாம், அந்த அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்காமலே கொடுத்துக்கொண்டிருந்தான். அதனால் இன்றைக்கு அட்மின் பட்டியலில் சிக்காமல் தப்பிவிட்டாள்.

"என்னை அட்மினாக்கிடுங்க."

"மெயில் போடுங்க. சுனில் சார் ஓகே சொல்லணும்."

"மோனிகா..."

கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டுத்தான் ஆக்கினாள். உடனே அவள் கணக்கைப் பில்லிங் அளவுக்கு வெட்டினான்.

"எல்லாமே திறக்குதுன்னா, ஏன் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"எனக்கென்ன தெரியும்? இப்ப உங்க மூஞ்சியப் பாத்துத்தான் தட்டிப் பாத்தேன்."

நம்பினான்.

மார்ச்சில், மோனிகாவின் பக்கத்து மேஜை ஸ்வர்ணா வேலையை விட்டாள். தன் கணக்கு போவதைப் பார்க்க அவளே வந்து உட்கார்ந்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க ஸ்வர்ணா" என்றான்.

"போறேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

எல்லாப் பக்கமும் தனக்குத் திறக்கும் என்று மோனிகாவுக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரியுமாம்.