ஒரு மணிச் சாப்பாடு

பிள்ளைதாச்சிக்கு இந்த ஊரில் எல்லாம் கிடைக்கும். லட்டு கிடைக்கும், போளி கிடைக்கும், தொன்னையில் புளியோதரை கிடைக்கும். காயும் பயறும் வைத்து ஒரு மதியச் சாப்பாடு கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆறாம் மாதத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிள்ளை உண்டானதால் வந்தது, பிறந்ததும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. அதுவரை வாயைக் கட்ட வேண்டும். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான், இப்படியே விட்டால் குழந்தைக்கு ஆகாது என்றார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான முதல் கரு, முந்தின வருஷம் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் ஊசிக்கு நான் பயப்படவில்லை. குழந்தைக்கு ஆகாது என்ற வார்த்தைக்குத்தான் பயந்தேன்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் எனக்கு வேலை. மாடியில் முகூர்த்தப் புடவைப் பிரிவு. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே உட்காரும் குடும்பத்துக்குப் புடவையைப் பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் மதியத்துக்கு ஒரு கப் பயறு, இரண்டு கப் காய், ஒரு கைப்பிடி சோறு, மோர், ஒரு முட்டை என்று போட்டிருந்தது. முட்டையை நானே பேனாவால் அடித்துவிட்டேன். கல்யாணப் புடவை விற்கும் கடைக்குள் முட்டை வரக் கூடாது, வாசனை பட்டில் ஏறிவிடும் என்பது முதலாளியின் சட்டம். கஸ்டமர் கொண்டுவரும் நெய் பலகாரத்தின் வாசனை மட்டும் ஏறாதாம்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். தாளிக்கிற வாசனை பட்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அடுப்பங்கரைப் பக்கம் போக முடியவில்லை. டப்பா கட்டியது மாமியார்.

"கீரையும் சுண்டலும் போதும் அத்தை, சோறு வேணாம்" என்றேன்.

"வாயும் வயிறுமா இருக்கறவ சோறு இல்லாம எப்டிமா இருப்பே?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரிமா, வைக்கல" என்றார்.

மதியம் டப்பாவைத் திறந்தால் மேலே கீரை. கரண்டியால் கீரையைத் தள்ளினால் அடியில் சோறு, அமுக்கி அமுக்கி. மூன்று நாளும் இதே கூத்து. அவர் மனசு நல்ல மனசு, சண்டை போடவும் வாய் வரவில்லை. நாலாம் நாள் டப்பாவை எடுக்காமலே ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன்.

அன்று கடைக்குப் பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்தேன். சோற்று வாளியோடு வந்தவரிடம், "சாதம் வேணாம்ணா, அதுக்குப் பதிலா பொரியலும் கூட்டும் கூட வைங்க" என்றேன்.

"பொரியல் ரெண்டு வாட்டிதாம்மா. சாதம் எவ்ளோ வேணும்னாலும் போட்டுக்கோ."

"சாதமே வேணாங்கறேன்."

"மீல்ஸுன்னா சாதம்தாம்மா" என்று சொல்லி, போட்டுவிட்டே போனார்.

மறுநாள் சிறுதானிய உணவு என்று பச்சைப் போர்டு வைத்த இடத்துக்குப் போனேன். தினைப் பொங்கல் நெய்யில் மிதந்தது, தொட்டுக்கொள்ள வெல்லப் பாகு. அதற்கு மறுநாள் கோயில் பிரசாதக் கடை வரைக்கும் போய்ப் பார்த்தேன். புளியோதரை, தயிர்சாதம், மூங்கில் கூடையில் அவித்த குடலை இட்லி. பெருமாளுக்கும் அரிசிதான். அவருக்குச் சர்க்கரை ஏறாது, எனக்கு ஏறும். வெறும் மோரை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அப்புறம் ஒரு நாள், மாடியில் கை கழுவும் இடத்து ஜன்னல் வழியாகக் கொண்டைக்கடலை வேகும் வாசனை வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு குமட்டாத வாசனை அதுதான். கீழே இறங்கிப் பின்தெருவுக்குப் போனேன். சாயங்காலம் சின்ன காஞ்சிபுரத்தில் தள்ளுவண்டியில் சுண்டல் விற்கும் ஓர் அக்காவின் வீடு அது. வாசலிலேயே அடுப்பு வைத்து வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"இது சாயங்காலம் விக்கறதும்மா. இன்னும் தாளிக்கவே இல்ல" என்றார்.

"தாளிக்காததுதான்கா எனக்கு வேணும்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

என் வயிற்றை ஒரு தரம் பார்த்தார். "ஒரு மணிக்கு இறக்குவேன், அப்ப வா. லேட்டா வந்தா இருக்காது, வண்டில ஏத்திக்கினு போய்டுவேன். எங்க வூட்டு சொரக்கா கூட்டும் ரெண்டு கரண்டி வச்சிக்கோ."

கடலை, கூட்டு, ஒரு கைப்பிடி சோறு, பக்கத்துக் கடை மோர். நாலு நாள் ஒரு மணிக்குப் போய் அவர் வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சர்க்கரை மளமளவென்று இறங்கியது.

அதற்குள் தை பிறந்துவிட்டது. தை மாதம் பட்டுக் கடையில் வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவையைப் பிரித்துக் காட்ட உட்கார்ந்தவள், அவர்கள் எடுத்து முடிக்கும்வரை எழக் கூடாது. ஆள் மாற்றவும் கூடாது. பாதியில் எழுந்தால் அந்தக் கல்யாணத்துக்கு அபசகுனமாம். வயிற்றோடு இருக்கிற பெண் கையால் எடுத்தால் ராசி என்று வருகிறவர்கள் எல்லாம் என் எதிரேதான் வந்து உட்கார்ந்தார்கள். நான் எழுந்திருக்க மூன்றரை ஆகிவிடும், சுண்டல் வண்டி போயிருக்கும். மூன்றாம் நாள் பசியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. புடவை எடுத்த சந்தோஷத்தில் ஓர் அம்மா நீட்டிய லட்டு இரண்டையும் தின்றேன். யாரையும் குறை சொல்லவில்லை, தின்றது நான்தான். அன்றைக்குப் பார்த்ததில் நூற்று எண்பத்தாறு. இன்னும் ஒரே வாரம், அதற்கு மேல் தள்ள மாட்டேன் என்றார் டாக்டரம்மா.

சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு மணிக்கு இருபது நிமிஷம் கேட்டேன்.

"சீசன் முடியட்டும்மா" என்றார்.

என்னமோ என் வயிற்றில் இருப்பது சீசன் பார்த்துக்கொண்டு வளர்கிற மாதிரி.

மறுநாள் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பெண்ணோடு ஒன்பது பேர். பத்தரைக்கு உட்கார்ந்தார்கள். அரக்கு வேண்டும், அரக்கில் பெரிய கரை வேண்டும், பெரிய கரையில் யானை வேண்டாம், மயில் வேண்டும். பன்னிரண்டு புடவை பிரிந்து கிடந்தது. சுவர்க் கடிகாரம் ஒரு மணி காட்டியது. மடியில் இருந்த புடவையை எடுத்து மெத்தையில் வைத்தேன்.

"அம்மா, நீங்க பாத்துக்கினு இருங்க. நான் சாப்ட்டு இருவது நிமிஷத்துல வந்துடறேன்" என்று எழுந்தேன்.

பெண்ணின் பெரியம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னாமா இது, நல்ல காரியத்துக்குப் புடவ எடுத்துக்கினு இருக்கோம், பாதில எழுந்து போறியே?"

"என் வயித்துல இருக்கறதும் நல்ல காரியம்தாம்மா" என்றேன்.

சூப்பர்வைசர் தூணோரமாக நின்று, உட்கார் உட்கார் என்று கையைக் காட்டினார். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். படியில் இறங்கும்போது அந்தக் கல்யாணப் பெண் சொன்னது காதில் விழுந்தது: "பெரியம்மா, எனக்கும் பசிக்குது. காலைல அஞ்சு மணிக்குக் காபி குடிச்சது."

இருபத்திரண்டு நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். மெத்தை காலியாக இருந்தது. பன்னிரண்டு புடவையும் பிரிந்தபடியே கிடந்தன.

"சாப்ட்டு வரோம்னு போனாங்க" என்றார் சூப்பர்வைசர். "போனவங்க எதிர்க் கடைல போய் உக்காந்துக்கினு இருக்காங்க. நீ நாளைலேந்து கீழ ரவிக்கத்துணிக்குப் போய்டு."

பன்னிரண்டையும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்கிவிட்டுத்தான் இறங்கினேன்.

ரவிக்கைத்துணிப் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி அளந்து வெட்ட வேண்டும். சாயங்காலம் கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். ஆனால் அங்கே யாருக்கும் சகுனம் கிடையாது, ஒரு மணிக்குக் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போகலாம். ஒரு நாள் விடாமல் போனேன். வாரக் கடைசியில் பார்த்தபோது நூற்றுப் பன்னிரண்டு. "ஊசி வேணாம், இப்படியே விடாம சாப்டு" என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். கடைசிவரை ஊசி போடாமலேதான் என் மகள் பிறந்தாள்.

வராந்தாவில் அப்படி அழுததற்கு அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, சூப்பர்வைசர் கூப்பிட்டார். மாடியில் ஆள் போதவில்லை, வருகிறவர்கள் வேறு என்னைக் கேட்கிறார்கள்.

"முதலாளி கோவமாத்தான் இருக்காரு. மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எழுதிக் குடு, திரும்ப மேல போட்டுடலாம். உக்காந்து செய்ற வேல, உனக்கும் கால் வலிக்காது பாரு" என்று வெள்ளைத் தாளும் பேனாவும் நீட்டினார்.

கால் நிஜமாகவே வலித்தது. தாளை வாங்கித் துணி வெட்டும் மேஜையில் வைத்து எழுதினேன்.

"ஐயா, சென்ற வாரம் முகூர்த்தப் புடவை காட்டிக்கொண்டிருந்தபோது பகல் ஒரு மணிக்கு எழுந்து சாப்பிடப் போனேன். இன்றும் ஒரு மணிக்குப் போவேன். மாடியில் போட்டாலும் போவேன். இப்படிக்கு" என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் ஒரு தரம் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுல மன்னிப்பு எங்கம்மா இருக்குது?"

"நானும் தேடிப் பாத்தேன் சார்" என்றேன். "இல்ல."