மாமனார் நாற்காலியில் நான் அடித்த ஆணிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த என் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த சீரில் மெத்தை வைத்த ஒரு பழைய மர நாற்காலியும் உண்டு. அவரே வருஷக்கணக்கில் உட்கார்ந்தது. ஒப்படைக்கும்போது, "பத்திரம் மாப்ள" என்றார். பெண்ணைப் பற்றி அதுகூடச் சொல்லவில்லை.

மறு வருஷம் அதன்மேல் ஏறி நின்று பல்பு மாற்றினேன். மெத்தை கிழிந்து முழங்கால்வரை உள்ளே போனேன்.

கார்த்திகை தீபத்துக்கு மாமனார் வருவதாக மறுநாளே கடிதம். என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? மெத்தை தைப்பவரிடம் ஓடினேன். "தீபம் முடியட்டும் சார்" என்றார். தீபத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் யாரையும் எதற்கும் பிடிக்க முடியாது.

நானே இறங்கினேன். தேங்காய் நாரை அமுக்கி அடைத்தேன். சொகுசுக்கு இன்னும் கொஞ்சம். மரியாதைக்கு மேலும் கொஞ்சம். அதன்மேல் சிவப்பு ரெக்சினை இழுத்துப் பிடித்துச் சுற்றிலும் சின்ன ஆணிகள் அடித்தேன். பாதி கோணல். ஓர் அடி என் இடது கட்டைவிரலில்.

"இன்னாங்க இது, நிறைமாசமா இருக்குது!" என்றாள் மனைவி.

தீபத்தன்று சாயங்காலம் மொட்டை மாடியில், மலையைப் பார்த்து நாற்காலியைப் போட்டோம். மாமனார் உட்கார்ந்தார். 'டப்'. ஓர் ஆணி தெறித்தது. இருமி மறைத்தேன். 'டப்'. மறுபடி இருமினேன்.

"சளி ஜாஸ்தியா இருக்குதே மாப்ள?"

"மழைக் காத்துங்க மாமா."

அடுத்த பத்து நிமிஷம் எனக்குக் காசநோய்.

உச்சியில் தீபம் தெரிந்தது. ஊரே "அரோகரா!" என்றது. மாமனார் தலைமேல் கைகூப்பி எழுந்தார். பாரம் விலகியதும் மிச்ச ஆணிகளும் பிடியை விட்டன; நார் பொங்கி வெளியே வந்தது. அவர் திரும்புவதற்குள் பாய்ந்து அதன்மேல் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் திருவண்ணாமலையிலேயே உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"தீபம் ஏத்திட்டாங்க, எழுந்திரிங்க மாப்ள!"

"பரவால்லைங்க மாமா, இங்கிருந்தே நல்லா தெரியுது."

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வேட்டியோடு ஒரு கொத்து நாரும் எழுந்து வந்தது. மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பல்பிலிருந்து இருமல்வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

மாமனார் ஓர் ஆணியைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கார்டு போட்டிருக்கலாமே மாப்ள. கோணலா ஆணி அடிக்க நானும் வந்திருப்பேனே."

மறுநாள் காலையில் இருவரும் தரையில் உட்கார்ந்து நாரைக் குறைத்தோம். நான் ரெக்சினை இழுத்துப் பிடிக்க, அவர் சுத்தியலை ஓங்கினார். அடி என்னுடைய மிச்சக் கட்டைவிரலில் விழுந்தது.

"பத்திரம் மாப்ள" என்றார்.