கறை கலெக்டர் பள்ளி மாறிய வாரம்

நிலாவில் கறை இருப்பதற்கு ஒரே காரணம், அது இன்னும் என் சித்தியின் சலவைக்கூடத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான். வந்திருந்தால் இந்நேரம் ஊறவைத்து, அலசி, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து வானத்துக்கே திருப்பி அனுப்பியிருப்பாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. வயது முப்பத்தொன்பது. எங்களோடுதான் இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை. வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வந்து விழும் விரிப்பு, போர்வை, ஆபரேஷன் துணி எல்லாவற்றையும் மேசையில் பிரித்துப் போடுவது அவள்தான். எவ்வளவு துவைத்தாலும் கறை போகாத துணி சிவப்புத் தொட்டிக்குப் போகும். அங்கே போனது தரை துடைக்கும் துண்டாகத்தான் வெளியே வரும். சித்தி அந்தத் தொட்டியிலிருந்து துணியைத் திருடுவாள். வீட்டுக்குக் கொண்டுவர இல்லை, மறுபடி துவைத்துப் பார்க்க. என்ன கறை, எதைப் போட்டாள், தண்ணீர் சூடா பச்சையா, எத்தனை நிமிஷம், போச்சா போகலையா என்று ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைப்பாள். அதனால்தான் நான் அவளுக்குக் கறை கலெக்டர் என்று பெயர் வைத்தேன். அம்மா மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். சித்தி, "கலெக்டர்னு சொன்னவரைக்கும் மரியாதைதான், விடுக்கா" என்றாள்.

நான் பத்தாவதோடு நின்றுகொண்டபோது வீடே என்னைப் பிடித்து உலுக்கியது. சித்தி மட்டும் தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, "இனிமே பகல்லயும் வீட்டுல இருப்ப, உன் சாமானுக்கு இடம் வேணும்ல" என்றாள். இதை நான் அவளிடம் இதுவரை பாராட்டிச் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

இந்த வருஷம், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கான இடத்தில் சித்திக்குப் பல்கலைக்கழகத்தில் சீட்டு கிடைத்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து 'பள்ளி' என்கிறார்கள். மேலாண்மைப் பள்ளி, அறிவியல் பள்ளி, இப்படி. பள்ளிக்கூடத்திலிருந்து உயிர் தப்பியவள் என்ற முறையில் எனக்கு இது பேரதிர்ச்சி. சித்தி சேர்ந்தது மேலாண்மைப் பள்ளி. சூப்பர்வைசர் "படிச்சிட்டு வந்து என் நாற்காலியில உக்காரும்மா" என்றார், அவளும் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்திலேயே டிக் போட்டுவிட்டாள்.

புது மாணவர்களுக்குக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நாளில் நானும் துணைக்குப் போனேன். பிஸ்கட் தருவார்கள் என்று கேள்வி. சித்தி வழி தவறி ஒரு கண்ணாடிக் கதவின் முன்னால் போய் நின்றாள். உள்ளே ஒரு பெண், பழுப்புத் திரவம் இருந்த கண்ணாடிக் குடுவையை ஆட்டிக்கொண்டே, மேலே நீளக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக எதையோ விட்டாள். ஒரே ஒரு சொட்டில் பழுப்பு காணாமல் போய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

"அடியே, அது அயோடின்டி! நம்ம ஆபரேஷன் துணிக் கறை!"

"அப்ப உள்ள போய்த் துவைச்சுக் குடுத்துட்டு வா."

சித்தி சிரிக்கவில்லை. அயோடின் கறையைப் போக்க அவள் நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு நர்ஸ் கை தவறிக் கறைத் துணி மேல் போட்ட வைட்டமின் சி மாத்திரையால் அது போனது. எப்படிப் போனது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே சொன்னாள். "நான் தப்பான பள்ளியில சேந்துட்டேன்."

மேலாண்மைப் பள்ளி அலுவலகத்தில் கையில் முத்திரையோடு ஒரு மாமா உட்கார்ந்திருந்தார். சித்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் இதுக்குள்ள வரத்தான்மா கெஞ்சுவாங்க. நீங்க வெளிய போகக் கெஞ்சுறீங்க."

"மாற முடியாதாங்க?"

"முடியும். புதுசா சேர்றவங்க ஒரே ஒரு தடவ மாறலாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள அறிவியல் பள்ளியில கையெழுத்து வாங்கி என்கிட்ட தரணும். ஆனா ஒண்ணு. நான் இங்க விடுவிச்சு முத்திரை குத்திட்டா, இந்த இடம் அடுத்து காத்திருக்கிறவங்களுக்குப் போயிடும். அறிவியல் பள்ளிக்காரங்க வேணாம்னுட்டா உங்களுக்கு இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. அடுத்த வருஷம் உங்களுக்கு வயசு நாற்பதாயிடும், இந்த ஒதுக்கீட்டுலயும் வர முடியாது. யோசிச்சுக்கங்க."

"லேசா குத்துங்க மாமா. அழிக்க வேண்டி வந்தா சித்திகிட்ட வழி இருக்கு" என்றேன்.

"யாரும்மா இது?"

"எங்க அக்கா பொண்ணுங்க. இத ஒண்ணத்தான் இன்னும் வெளுக்க முடியல" என்ற சித்தி, படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். "குத்திடுங்க."

முத்திரை 'டொக்' என்று விழுந்தது.

அறிவியல் பள்ளியில், பன்னிரண்டாவதில் வணிகவியல் படித்தவர் ஏன் இங்கே வர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, வெள்ளிக்கிழமை பேராசிரியரைப் பார்க்கச் சொன்னார்கள். வியாழக்கிழமை சித்தி எழுதியதை வாசித்துக் காட்டினாள். சிறு வயது முதலே வேதியியலில் தீராத ஆர்வமாம். சுத்தப் பொய். சிறு வயதில் அவளுக்கு ஊஞ்சலில் மட்டும்தான் தீராத ஆர்வம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

"சலவைக்கூடம் எங்க? நோட்டு எங்க?"

"ஆஸ்பத்திரி அழுக்கத் துவைக்கிறேன்னு அவ்வளவு படிச்சவங்ககிட்ட போய்ச் சொல்லவாடி? போடி."

வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் நீல நோட்டை எடுத்து ஃபைலில் சான்றிதழ்களுக்கு அடியில் செருகினேன். சும்மா கைக்கு வந்த பக்கங்களில் பஸ் டிக்கெட்டைக் கிழித்து அடையாளச் சீட்டும் வைத்தேன். படிப்புக்கும் எனக்கும்தான் ஒத்துவராதே.

பேராசிரியர் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய உபகாரம். பேராசிரியர் கொண்டையில் பென்சில் செருகிய ஒரு அம்மா. சித்தி எழுதிக் கொடுத்த காகிதத்தை வாசித்துவிட்டு, "ம்" என்றார். அந்த 'ம்'மில் சீட்டு போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்து காகிதம் புரளும் சத்தம்.

"இது என்னங்க?"

"ஐயோ, அது... அது தப்பா வந்துடுச்சும்மா. குடுத்துடுங்க."

"இருங்க. இந்த விரிப்ப எதுக்கு ரெண்டாக் கிழிச்சீங்க?"

சித்தி பேச ஆரம்பித்தாள். முதலில் மூக்குக்குள். போகப்போக, துவைக்கும் மெஷின் ஓடும்போது கத்துகிற சலவைக்கூடக் குரலில்.

"விரிப்புல காப்பிக் கலர்ல திட்டுத் திட்டா வந்துச்சும்மா. வார்டுக்காரங்க அசிங்கம் பண்ணி அனுப்புறாங்கன்னு எங்காளுங்க திட்டுனாங்க. வரும்போது பாத்தா அந்தத் திட்டு இல்ல. துவைச்ச பிறகுதான் வருது. அப்ப தப்பு நம்ம மேலதானே? ஒரே விரிப்ப ரெண்டாக் கிழிச்சேன். ஒரு பாதிக்கு ப்ளீச் போட்டேன், இன்னொண்ணுக்குப் போடல. போட்டதுல மட்டும் கறை. அவங்க தோலுக்குத் தடவுற மருந்தும் நம்ம ப்ளீச்சும் சேந்தாத்தான் அது வருது. ஏன் வருதுன்னு எனக்குத் தெரியலம்மா. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"இத எழுதாம ஊர்ல எல்லாரும் எழுதுறத எழுதிக் கொண்டுவந்திருக்கீங்களே!" என்றார் அந்த அம்மா. "ஒரு பாதிய அப்படியே விட்டு வைக்கணும்னு எங்க பசங்களுக்கு வருஷம் பூரா சொன்னாலும் மண்டையில ஏறாது. கணக்குக்குத் தனி வகுப்பு வரணும், வருவீங்களா?"

"விடியக்கால ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கிறேம்மா. வந்துடுறேன்."

கையெழுத்து வாங்கி வெளியே வந்தபோது மணி மூன்று நாற்பது. ஓடினோம். முத்திரை மாமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "டீ குடிக்கக்கூடப் போகலம்மா, குடுங்க" என்று படிவத்தைப் பிடுங்கி ஓங்கி ஒரு குத்து. சித்தி அவருக்கு நன்றி சொன்னாள், காவலாளிக்குச் சொன்னாள், வழியில் சும்மா போன ஒருவருக்கும் சொன்னாள். மாத்திரையைக் கீழே போட்ட நர்ஸ் எதிரே வந்திருந்தால் காலில் விழுந்திருப்பாள். எனக்கும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. வெயில் கண்ணில் படுகிறது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எப்படி ஃபைலுக்குள்ள வந்துச்சு?"

"கால் முளைச்சு நடந்து வந்திருக்கும்."

"அடையாளச் சீட்டு வச்ச ஒன்பது பக்கமுமே பிரமாதம்னு சொன்னாங்க அந்தம்மா."

"உன் அதிர்ஷ்டம்."

"இருக்கும்" என்று பக்கங்களைப் புரட்டினாள். "ஆனா எனக்குப் பிடிச்சது இந்த இரும்புக் கறைப் பக்கம்தான். கட்டில் துரு, எப்படிப் போச்சு தெரியுமா? அதுக்கு ஒரு சீட்டக் காணோம் பாரு."

"அத ஒரே தடவதானே செஞ்சு பாத்திருக்க? அதுவும் எலுமிச்சையும் உப்பும் ஒண்ணாப் போட்டுட்ட. எதனால போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். சித்தி நோட்டைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியா?" என்று நோட்டை என் மடிக்கு மாற்றினாள். "வேற எந்தெந்தப் பக்கத்துலடி தப்பு இருக்கு?"