கைப்பிடிக்கு வாங்கிய போல்ட்டு

என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம் வாதம் வந்து, ஆசுபத்திரியிலிருந்து திரும்பிய பிறகு மெள்ள நடப்பார். கக்கூசில் உட்கார்ந்தால்தான் எழும்ப முடியாது. நான் உள்ளே போய்த் தூக்கிவிட வேண்டும். நாற்பது வருசம் கடலில் கிடந்த மனுசன், அந்த நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

சுவரில் கைப்பிடி ஒன்று மாட்டிவிட்டால் அவரே எழும்பிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியது. சொன்னதும் அவர் முகத்தில் தெளிச்சம் வந்தது.

“நம்ம எஞ்சின் மெக்கானிக்கிட்ட கேளு. வள்ளத்துல எஞ்சின் மாட்டுத போல்ட்டு அவன்ட்ட இருக்கும். கடல் உப்பு அதைத் தின்னாது” என்றார்.

நான் போகவில்லை. மெக்கானிக்கின் கொட்டகை எங்கள் இனயத்துக் கரையில் இருந்தது. எப்போதும் அங்கே பத்துப் பேர் இருப்பார்கள். எதுக்கு என்று கேட்பார்கள். அவர் கக்கூசிலிருந்து எழும்ப முடியாமல் இருக்கிறார் என்பது சாயங்காலத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு அது வேண்டாம். தக்கலைக்குப் பஸ் ஏறினேன்.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பெட்டிமேல் இருக்கும் இங்கிலீசு தெரியாது. ஆனால் சாமான் வாங்குவதில் என்னை யாரும் ஏய்த்ததில்லை. பழைய ரேடியோவிலிருந்து எடுத்த காந்தத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் துருப்பிடிக்காத நல்ல ஸ்டீல். கடலோரத்து எங்கள் கடப்புறத்தில் அது பிள்ளைகளுக்கும் தெரியும்.

“எதுக்கு எம்மா?” என்று கேட்டார் ஹார்டுவேர் கடைக்காரர்.

“வாசல் கேட்டுக்கு” என்றேன்.

அவர் காட்டிய மூன்று ரகத்திலும் காந்தம் ஒட்டியது. தள்ளிவைத்தேன்.

“நகைக்கடையில கூட யாரும் இப்படிப் பாக்கமாட்டாவ” என்று சிரித்தார்.

“நகைய நம்பி யாரும் எழும்ப மாட்டாவ, மக்கா.”

நாலாவது ரகத்தில் ஒட்டவில்லை. கையில் வைத்தால் கனம் தெரிந்தது. ஸ்டீல் கைப்பிடி ஒன்றும் நாலு போல்ட்டும் எடுத்தேன். அப்போது அவர் கேட்டார், “வீடு எங்க? கடப்பொறமா?”

சிமெண்டு வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் நான் வருசக்கணக்கில் மீன் சுமந்து விற்றிருக்கிறேன். ‘கடப்பொறத்துக்காரி, கூடையைத் தள்ளி வை’ என்று எத்தனை வாசலில் கேட்டிருப்பேன். இவர் கேட்டதும் அப்படியே என் காதில் விழுந்தது.

“இல்ல, இரணியல்” என்று கடலை விட்டு உள்ளே இருக்கிற ஊரைச் சொன்னேன்.

“அப்பம் இந்த நட்டும் வாசரும் போதும்” என்று பக்கத்து டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டார். அவையும் மினுங்கின. அவற்றில் காந்தம் வைத்துப் பார்க்கவில்லை. பொய் சொன்னபிறகு அங்கே நிற்க மனசில்லை.

அங்கிருந்தே ஒரு கொத்தனாரையும் கூட்டி வந்தேன். எங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்தது. கக்கூசின் பின்சுவர் கடலைப் பார்த்து நிற்கும். சுவரைத் துளைத்து, போல்ட்டை உள்ளேயிருந்து விட்டு, வெளியே நட்டை முறுக்கினார்.

முதல் நாள் நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“ஏட்டி, அங்க என்னத்துக்கு நிக்க? போய் கறியைப் பாரு.”

போய்க் கறியைப் பார்த்தேன்.

இரண்டு வருசம் அப்படிப் போயிற்று. கைப்பிடியையும் போல்ட்டின் தலையையும் தினமும் எண்ணெய்த் துணியால் துடைப்பேன். பின்பக்கம் ஒரே முள்ளு. அங்கே போய்ப் பார்த்ததே இல்லை.

ஒரு ஆடி மாசம் அவர் விழுந்தார். நான் ஓடிப் போகும்போது கைப்பிடி அவர் கையிலேயே இருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் மறைத்தது கரை முழுக்கத் தெரிந்தது.

பார்க்க வந்த மெக்கானிக் பின்பக்கம் போய், துருவேறி உதிர்ந்து கிடந்த நட்டை எடுத்து வந்தான்.

“போல்ட்டு நல்ல சாதனம், அம்மச்சி. நட்டு வெறும் இரும்பு, மேல பூச்சு. கடப்பொறம்னு தெரிஞ்சா எவனும் இதைத் தரமாட்டான். கடைக்காரன் கேக்கல்லியா?”

“கேக்கல்ல” என்றேன்.

அவன் போனபிறகு கட்டிலில் கிடந்தவர் சொன்னார், “கைப்பிடி ஆடத் தொடங்கி ரெண்டு மாசம் ஆச்சு.”

“பின்ன ஏன் நீரு பறையல்ல?”

“பறைஞ்சா நீ திரும்ப உள்ள வந்து நிப்ப.”

மெக்கானிக்கே வள்ளத்துப் போல்ட்டும் நட்டும் கொண்டுவந்து கைப்பிடியை மாட்டித் தந்தான். நான் முழு பாரமும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அவர் அதைப் பிடிக்கவே இல்லை. அதன்பிறகு ஒன்றரை வருசம், அவர் உயிர் போகிறவரைக்கும், எல்லாம் கட்டிலில்தான்.

மெக்கானிக் வரும்போதெல்லாம் அந்தத் தக்கலைக் கடைக்காரனை ஏசுவான். அவரும் கிடந்தபடியே சேர்ந்து ஏசுவார். நான் குனிந்து அவர் துணியை மாற்றிக்கொண்டிருப்பேன்.